செயலித் தடைகள்: கடலூரிலும் புதுச்சேரியிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கறிஞராகத் தொழில் செய்துவருகிறேன். 2020 ஜூலையில் ஒரு நாள் தாழங்குடாவிலிருந்து ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். கருவாடு காயவைப்பது, வலை பழுதுபார்ப்பது, வீட்டுச் சமையல் என்று டிக்டாக்கில் காணொலி போட்டுவந்தவர். முகக்கவசத்தோடு வாசற்படியிலேயே நின்றுகொண்டு, கீறல் விழுந்த கைப்பேசித் திரையை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார். செயலியின் சின்னம் திரையில் அப்படியே இருந்தது. தொட்டால் இந்திய அரசின் உத்தரவைப் பற்றிய ஓர் அறிவிப்பு வந்ததே தவிர, வேறெதுவும் திறக்கவில்லை. “எம் பையனுக்குத் திருவந்திபுரத்துல மொட்டை போட்ட வீடியோ அதுலதான் சார் இருக்கு. வேற எங்கயும் எடுத்து வைக்கல. அதை மட்டுமாவது எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்டார். என்னால் எடுத்துத் தர முடியவில்லை. அன்று முதல் இங்கேயும், புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிக் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் பக்கத்திலிருந்தும் வந்து மக்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு செயலியைத் தடைசெய்யும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? தமிழ்நாடு அரசோ புதுச்சேரி அரசோ தாமாகவே தடைசெய்ய முடியுமா?

முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இந்த அதிகாரத்தை மத்திய அரசுக்குத்தான் கொடுத்திருக்கிறது. மாநிலமோ யூனியன் பிரதேசமோ ஒன்றைத் தடைசெய்ய விரும்பினால், தலைமைச் செயலாளரின் ஒப்புதலோடு டெல்லிக்குக் கோரிக்கை அனுப்பலாம். சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு ஆகிய அமைச்சகங்களின் அதிகாரிகளும், கணினிப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பின் பிரதிநிதியும் அடங்கிய குழு அதைப் பரிசீலிக்கும். பிறகு மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் ஒப்புதல் தந்தால் உத்தரவு பிறக்கும். முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறுவதைப் பார்த்துப் பழகியவர்கள், கடலூரில் முடங்கிய செயலி புதுச்சேரியில் திறக்குமோ என்று கேட்பதில் வியப்பில்லை. 69ஏ உத்தரவு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். மாஹேக்கும் ஏனாமுக்கும்கூட அதுவே பொருந்தும்.

எந்தக் காரணத்துக்காக வேண்டுமானாலும் தடைசெய்யலாமா?

அப்படிச் செய்ய முடியாது. நாட்டின் இறையாண்மை மற்றும் ஒருமைப்பாடு, தற்காப்பு, அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றங்களைத் தூண்டாமல் தடுத்தல் என்று சட்டமே காரணங்களை வரையறுத்திருக்கிறது. காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒரு செயலி ஆபாசமாக இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது, நேரத்தைத் தின்கிறது என்பவை பெற்றோருக்கு உண்மையான கவலைகள்தாம். ஆனால் அவை 69ஏ பிரிவின் பட்டியலில் இல்லை.

2020-இல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 29 இரவு, டிக்டாக், ஹலோ, ஷேர்இட், யூசி பிரவுசர், கேம்ஸ்கேனர், வீசாட் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்வதாக மத்திய அரசு அறிவித்தது. பயனாளர்களின் தரவுகள் நாட்டுக்கு வெளியே அனுமதியின்றிக் கொண்டுபோகப்படுகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட மேலும் 118 செயலிகளும், நவம்பர் 24 அன்று 43 செயலிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

செயலித் தடை மூன்று இடங்களில் நடக்கிறது. முதலில் பிளே ஸ்டோரிலிருந்தும் ஆப்பிள் கடையிலிருந்தும் செயலி நீக்கப்படுகிறது. அடுத்து, தொலைபேசி நிறுவனங்களும் இணைய நிறுவனங்களும் அந்தச் செயலியின் சர்வர்களுக்குப் போகும் வழியை அடைக்கின்றன. மூன்றாவதாக, செயலியை நடத்தும் நிறுவனமே இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குச் சேவையை நிறுத்திவிடுகிறது. அதனால்தான் சின்னம் கைப்பேசியில் இருந்தாலும் உள்ளே ஒன்றும் ஓடுவதில்லை. கேலரியில் சேமித்துவைத்த காணொலிகளுக்கு எதுவும் ஆகாது. செயலிக்குள் மட்டுமே வைத்திருந்தவைதாம் கைவிட்டுப் போகின்றன. தாழங்குடாப் பெண்ணுக்கு நேர்ந்தது இதுதான். எல்லையில் உயிர்கள் போன நேரத்தில் அரசு கடுமையாக நடந்துகொண்டதை அவரே தவறென்று சொல்லவில்லை. ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் எடுத்துவைத்திருப்பேனே என்பதுதான் அவருடைய ஆதங்கம். அந்த ஆதங்கம் நியாயமானது என்றே நான் இன்றும் கருதுகிறேன்.

நீதிமன்றம் ஒரு செயலியைத் தடைசெய்ய முடியுமா?

இந்தியாவில் டிக்டாக் முதன்முதலில் தடையைச் சந்தித்ததே நம் மாநிலத்தின் நீதிமன்றத்தில்தான். 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, பொதுநல வழக்கொன்றில், டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடைசெய்யுமாறு இடைக்கால உத்தரவிட்டது. குழந்தைகள் ஆபாசத்துக்கும் அந்நியர்களின் தொல்லைக்கும் ஆளாகிறார்கள் என்பது அந்த வழக்கின் அடிப்படை. ஏப்ரல் மாத நடுவில் கூகுளும் ஆப்பிளும் செயலியை நீக்கின. மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாரை நீதிமன்றம் தனக்கு உதவ நியமித்தது. நிறுவனத்தின் தரப்பையும் கேட்டது. ஏப்ரல் 24 அன்று நிபந்தனைகளுடன் தடை விலக்கப்பட்டது.

அந்த மூன்று வாரங்களை நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பதுண்டு. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். எல்லாம் திறந்த நீதிமன்றத்தில் நடந்தது; மனுவில் என்ன இருந்தது, நீதிபதிகள் என்ன சொன்னார்கள், எதிர்த்தரப்பு என்ன வாதிட்டது என்பதை நாளிதழ் படிக்கும் எவரும் தெரிந்துகொள்ள முடிந்தது.

அரசு தடைசெய்தால், அந்த உத்தரவின் நகலை நான் பார்க்க முடியுமா?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். எந்தெந்தச் செயலிகள் என்ற பட்டியலைப் பெரும்பாலும் செய்திக் குறிப்பாக வெளியிடுகிறார்கள். காரணங்களோடு கூடிய உத்தரவு வெளியே வருவதில்லை. 69ஏ பிரிவின் கீழ் 2009-இல் இயற்றப்பட்ட விதிகளில் 16-ஆம் விதி, தடைசெய்யக் கோரும் புகார்களையும் அவற்றின்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளையும் கண்டிப்பாக இரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாலும் இந்த விதியையே காட்டி மறுத்துவிடுகிறார்கள்.

2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 69ஏ பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, அதற்குச் சொன்ன காரணங்களைக் கவனிக்க வேண்டும். காரணம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அந்த உத்தரவை ரிட் மனுவில், அதாவது அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனுவில், எதிர்க்க முடியும். குழு முடிவெடுக்கும் முன் பதிவை எழுதியவரை அடையாளம் காண முடிந்தால் அவருக்கும், இல்லையென்றால் அதை ஏற்றிவைத்த நிறுவனத்துக்கும் அறிவிப்பு அனுப்ப விதி இருக்கிறது. இப்படிப் பாதுகாப்புகள் இருப்பதால்தான் பிரிவு தப்பியது. கண்ணில் காணாத காரணத்தை ஒருவர் எப்படி எதிர்ப்பார் என்ற கேள்வி அன்றிலிருந்து சட்டத் துறையினரிடையே இருந்துவருகிறது.

அதற்கு ஒரு சிறு வழி டெல்லி உயர் நீதிமன்றத்தில் திறந்தது. வரதட்சணை வழக்கத்தைக் கிண்டல்செய்து ஒருவர் நடத்திவந்த இணையதளத்தை 2018-இல் முடக்கியிருந்தார்கள். அவர் தொடர்ந்த வழக்கில், உத்தரவின் நகலை அவரிடம் கொடுத்து, குழு அவருடைய விளக்கத்தையும் கேட்க வேண்டும் என்று 2022 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் இணையதளத்தின் உரிமையாளர். ஒரு செயலியில் கணக்கு வைத்திருந்த கோடிக்கணக்கானவர்களில் ஒருவருக்கு அதே உரிமை உண்டா என்பதை எந்தத் தீர்ப்பும் தெளிவாகச் சொல்லிவிடவில்லை. உண்டு என்று வாதிட இடமிருக்கிறது என்பது என் கருத்து. பாதுகாப்பு இரகசியங்களை மறைத்துவிட்டு மீதியை வெளியிடுவதால் எந்த அரசுக்கும் கேடு வந்துவிடாது.

தடைசெய்யப்பட்ட செயலி என் கைப்பேசியில் இருந்தால் போலீஸ் பிடிக்குமா?

69ஏ பிரிவு தண்டனை விதிப்பது உத்தரவை நிறைவேற்றாத நிறுவனத்துக்குத்தான். ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கணக்கு வைத்திருந்த சாதாரண மனிதருக்கு அந்தப் பிரிவில் தண்டனை எதுவும் இல்லை. பழைய செயலியை நீக்கிவிடுவது நல்லது. புதுப்பிப்பு வராத செயலி கைப்பேசியின் பாதுகாப்புக்கு ஓட்டை போடும்.

வி.பி.என். போட்டால் திறக்கும் என்கிறார்களே, அது சட்டப்படி சரியா?

வி.பி.என். என்பது நம் இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வசதி. இந்தியாவில் அதைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கும் பொதுச் சட்டம் இல்லை. ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்து வேலை செய்யும்போது தினமும் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் சேமித்துவைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசு உத்தரவிட்டது; அதை ஏற்காத சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களை அகற்றிக்கொண்டன. ஜம்மு காஷ்மீர் போன்ற இடங்களில் குறிப்பிட்ட காலத்துக்கு வி.பி.என். பயன்பாட்டையே தடைசெய்த உத்தரவுகளும் உண்டு. 2024 ஆகஸ்ட் இறுதியில் பிரேசிலின் உச்ச நீதிமன்றம் எக்ஸ் தளத்தை முடக்கியபோது, வி.பி.என். வழியாக அதில் நுழைபவர்களுக்கும் அபராதம் என்று அறிவித்தது.

சட்டத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இலவச வி.பி.என். செயலிகள்தாம். உங்கள் கைப்பேசியிலிருந்து போகும் அனைத்தும் முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் வழியாகப் போகும். தடைசெய்யப்பட்ட செயலியைப் பார்க்கும் ஆசைக்காக, வங்கிச் செயலி இருக்கும் அதே கைப்பேசியில் அப்படி ஒன்றை ஏற்ற வேண்டாம் என்றுதான் என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

செயலித் தடைக்கும் இணைய முடக்கத்துக்கும் என்ன வேறுபாடு?

செயலித் தடையில் ஒரு கதவு மூடப்படுகிறது; இணைய முடக்கத்தில் ஒரு பகுதிக்கே தொடர்பு போய்விடுகிறது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் பலியான மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை ஐந்து நாள்களுக்கு நிறுத்தினார்கள். இதற்கான அதிகாரம் மாநில உள்துறைச் செயலாளருக்கும் உண்டு. 2024-இல் வந்த புதிய விதிகளின்படி, உத்தரவு 15 நாள்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. காரணத்தோடு அதை வெளியிட வேண்டும். ஐந்து நாள்களுக்குள் மறுஆய்வுக் குழு பரிசீலிக்க வேண்டும். காலவரையற்ற முடக்கம் கூடாது, உத்தரவை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பலன் இது.

நம் கரையோரத்தில் இது வெறும் சட்டப் பிரச்சினையன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளிலும் பாகூர்ப் பக்கத்திலும் புகுந்தது. எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு வந்த செய்திகளை நான் இன்னும் அழிக்கவில்லை. “தண்ணி கேட்டு வரைக்கும் வந்துடுச்சு”, “மாடியில நாலு பேரு, பாட்டிக்கு இன்சுலின் வேணும்”, “டார்ச் காட்டுங்க, போட்டு வருது” என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. வதந்தியும் அதே குழுவில்தான் வந்தது. அணை உடைந்துவிட்டதாக ஒருவர் போட, அடுத்த சில நிமிடங்களில் பொதுப்பணித் துறையில் வேலை பார்க்கும் இன்னொருவர் அதை மறுத்தார். வதந்தியைத் தடுக்க இணையத்தையே நிறுத்த வேண்டும் என்று கேட்பவர்கள், அந்த மறுப்பும் அதே வழியில்தான் வந்து சேர்ந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சமூக ஊடகத்தில் அரசியல்வாதியைப் பற்றி எழுதினால் கைதுசெய்வார்களா?

இந்தக் கேள்வி புதுச்சேரியில் பிறந்தது என்றே சொல்லலாம். 2012 அக்டோபர் இறுதியில், அப்போதைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த தொழில்முனைவோர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். அவர்மீது பாய்ந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தில் ஃபேஸ்புக் பதிவுக்காக இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். அந்தப் பிரிவைத்தான் மேலே சொன்ன 2015 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் சில காவல் நிலையங்களில் 66ஏ பிரிவில் வழக்குப் பதிந்திருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்தால் உடனே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவதூறு, மிரட்டல், மதக் கலவரத்தைத் தூண்டுதல் போன்றவற்றுக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன. அவை இன்றும் பொருந்தும்.

மற்ற நாடுகளில் எப்படி?

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பல இருப்பதால், பிரான்சில் நடந்ததை முதலில் சொல்கிறேன். பிரான்சின் ஆளுகைக்குட்பட்ட நியூ கலிடோனியா தீவில் 2024 மே மாதம் கலவரம் வெடித்தபோது, அங்கே டிக்டாக்கை மட்டும் இரண்டு வாரம் முடக்கினார்கள். 2025 ஏப்ரல் 1 அன்று பிரான்சின் உயர்நிலை நிர்வாக நீதிமன்றம் அந்த முடக்கம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. அசாதாரணச் சூழலில் ஒரு செயலியை முடக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. குறிப்பிட்ட கால வரம்பு வேண்டும், அதைவிடக் குறைந்த கட்டுப்பாட்டால் காரியம் ஆகுமா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும் என்றது. அனுராதா பாசின் தீர்ப்பின் அருகில் இதை வைத்துப் படித்தால், இரண்டு நாட்டு நீதிபதிகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிப் பகுதி வன்முறையின்போதும், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின்போதும், 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடியை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. கடைசியாகச் சொன்ன முடக்கம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. நேபாளத்தில் அரசிடம் பதிவுசெய்யவில்லை என்ற காரணத்துக்காக 2025 செப்டம்பர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் உட்பட 26 தளங்களை முடக்கினார்கள். செப்டம்பர் 8 அன்று ஊழலையும் தடையையும் எதிர்த்துத் திரண்ட இளைஞர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஒரே நாளில் 19 பேர் இறந்தார்கள். அன்றிரவே தடை விலக்கப்பட்டது. மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளோடு பேச நேபாளத்துக் குடும்பங்களுக்கு இருந்த வழியே அந்தச் செயலிகள்தாம் என்பதை அந்த அரசு எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

துபாயிலிருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப் செய்தி போகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை. இது தடையா?

பரங்கிப்பேட்டையிலிருந்து வருபவர்கள் தவறாமல் கேட்பது இது. ஆம், ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெற்ற செயலிகள் வழியாக மட்டுமே இணைய அழைப்புக்கு அனுமதி. அதனால்தான் அங்கே இருப்பவர்கள் போட்டிம் போன்ற செயலியை ஏற்றச் சொல்கிறார்கள். உங்கள் கைப்பேசியில் பழுது எதுவும் இல்லை.

பிள்ளைகளுக்கு மட்டும் தடை வருமா?

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் முதலியவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் அபராதம் நிறுவனத்துக்கு மட்டுமே. 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை போகலாம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது; கணக்கையே தடைசெய்யவில்லை.

எனக்கும் பள்ளியில் படிக்கும் மகள் இருக்கிறாள். ஆஸ்திரேலியச் சட்டத்தின் நோக்கத்தை நான் முழு மனதோடு மதிக்கிறேன். ஆனால் தேவனாம்பட்டினத்திலோ சொத்திக்குப்பத்திலோ ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசிதான். அப்பா கடலிலிருந்து திரும்பியதும் மீன் விலை பார்ப்பதும், அம்மா சுயஉதவிக் குழுவுக்குப் பேசுவதும், பிள்ளை பாடம் பார்ப்பதும் அதே கணக்கில்தான். அந்த வீட்டில் வயதை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு விடை கண்டபிறகே இங்கே அப்படியொரு சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நாளைக்கே ஒரு செயலி தடைசெய்யப்படலாம் என்றால், இன்று நான் என்ன செய்துவைக்க வேண்டும்?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் உங்கள் படங்களையும் காணொலிகளையும் மொத்தமாகப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதைப் பயன்படுத்தி, பென்டிரைவிலோ கணினியிலோ வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்பவர்கள் வாடிக்கையாளர் பட்டியலைச் செயலிக்கு வெளியேயும் வைத்திருங்கள்.

தாழங்குடாப் பெண் இப்போது வாட்ஸ்அப்பில் கருவாடு விற்கிறார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, வாசலில் நெத்திலி காய்ந்துகொண்டிருக்க, நீளமான ஒரு கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பெயர், ஊர், தொலைபேசி எண், யாருக்கு உப்பு குறைவாக வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் நீல மையில் வரிசையாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையை ஒட்டி, அதற்குள் ஒரு மெமரி கார்டு வைத்திருந்தார். இரண்டாவது பிள்ளைக்குத் திருவந்திபுரத்தில் மொட்டை போட்ட காணொலி அதில் இருக்கிறது என்றார்.